ஏழாம் மேசைக்கு ஒரு பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை பல்லேகலப் பக்கம் ஒரு கல்யாண ரிசெப்ஷனுக்குப் போயிருந்தேன். என் எழுத்தால் ஒரு குடும்பத்தின் மானம் காப்பாற்றப்பட்டது என்ற செய்தி எனக்கு அங்கேதான் கிடைத்தது.

சொன்னவர் பெண்ணின் அப்பா. பெயர் ஆனந்தராஜா. கண்டி டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். என் வீட்டுக் கூரைத் தகடு முதல் குளியலறைக் குழாய் வரை எல்லாம் அவர் கடைச் சாமான்தான். மண்டப வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் மற்றவர்களை விட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"சேர், நீங்க மட்டும் எழுதலைன்னா இன்னைக்கு என் மானம் போயிருக்கும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பல வருடமாக இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். பாராட்டிக் கடிதம் வந்திருக்கிறது. திட்டிக் கடிதம் வந்திருக்கிறது. ஒருவர் தன் கவிதைத் தொகுப்பை மூன்று தடவை அனுப்பியிருக்கிறார். மானம் காத்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. எந்தக் கட்டுரை என்று அடக்கமாகக் கேட்டேன். அடக்கமாகக் கேட்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும்... எனக்கு இருக்கிறது.

அவர் மேடையைக் காட்டினார். மணமக்களுக்கு இரண்டு பெரிய கதிரைகள். பக்கத்தில், பாட்டுக் குழு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மேசை, ஒரு லெப்டொப், மண்டபத்துக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ஓர் ஆள். டி.ஜே.

விஷயம் இதுதான். ஆனந்தராஜா மகள் கல்யாணத்துக்கு ஒரு மியூசிக் குரூப்பைப் பேசி வைத்திருந்தாராம். நியூ கிறிஸ்டல் மெலடீஸ் என்று பெயர். வாசிக்க மூன்று ஆண்கள், பாட ஒரு பெண். மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் கேட்டுப் பிடித்துப்போய், அங்கேயே நாள் குறித்துவிட்டு வந்திருக்கிறார். அப்புறம் மூன்று வாரத்துக்கு முன் என் பத்தியைப் பிரித்தால், அதில் ஒரு படம். படத்தில் அதே நாலு பேர். பெயர் மட்டும் வேறு. படத்துக்குக் கீழே நான் எழுதியிருந்ததை ஆனந்தராஜா ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்.

'இவர்கள் கல்யாண வீட்டு ரகம் அல்ல. சினிமாப் பாட்டுக் கேட்டு யாராவது சீட்டு அனுப்பினால், மேடையை விட்டே இறங்கிப் போய்விடுவார்கள்.'

கல்யாணத்தில் சீட்டு அனுப்புகிற பழக்கம் உங்களுக்குத் தெரியும். கிடைத்த காகிதத்தைக் கிழித்து, வேண்டிய பாட்டை எழுதி, யாருக்காக என்பதையும் குறித்து மேடைக்குக் கொடுத்துவிட்டால், அறிவித்துவிட்டுப் பாடுவார்கள். நம் ஊர் ரிசெப்ஷனில் சாப்பாட்டுக்கு அடுத்த முக்கியமான சங்கதி அதுதான். அதற்கே ஒரு குழு கோபித்துக்கொள்ளும் என்றால் எந்தத் தகப்பன் கூப்பிடுவான்?

"நடுக் கல்யாணத்துல எறங்கிப் போயிட்டா நான் என்ன சேர் செய்யிறது? மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வேற ஒரு மாதிரி. அன்னைக்கே போன் பண்ணி வேணாம்னுட்டேன்," என்றார் ஆனந்தராஜா. பிறகு நன்றிக்கடனாக என்னையும் மங்களாவையும் முதல் வரிசை மேசையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே.

மங்களா என் மனைவி. யாழ்ப்பாணத்துக்காரி. பேராதனை ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி குத்துவதில் அனுபவம் உண்டு. டி.ஜே. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே மூச்சு விட்ட நேரம் பார்த்து என் பக்கம் சாய்ந்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் அவையளிட்டக் கேட்டுப்போட்டுத்தானே எழுதினனீங்கள்?"

அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. காது கேட்காதவன் மாதிரி பிரியாணியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, தை பிறந்ததும், எனக்கு ஒரு வியாதி வரும். எனக்குப் பிடித்த இண்டி இசைத்தட்டுகள் என்று ஒரு பட்டியல் போடுவேன். இண்டி என்றால்? சினிமாவும் கிடையாது, கம்பனியும் கிடையாது. தாங்களே எழுதி, தாங்களே பாடி, தாங்களே பதிவு செய்து, பல சமயம் தாங்களே கேட்டும்கொள்கிற இசை.

நான் அப்படியான இசைக்குத் தீவிர ரசிகன். தீவிரம் என்றால் கொஞ்சம் கேவலமான தீவிரம். ஒரு பாட்டை என்னைத் தவிர இன்னும் ஐம்பது பேர் ரசிக்கிறார்கள் என்று தெரிந்தால், ஏதோ பறிகொடுத்த மாதிரி இருக்கும். நான் மிக இரகசியமாக நேசித்த பாட்டு ஒன்று ஒரு நாள் கட்டுகஸ்தோட்டையில் ஒரு திரீவீலரில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றோடு அதை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த் தட்டில் மங்களாவின் சேலைகள். மேல் தட்டில் என் சீ.டி.கள். அதில் பாதிக்கு அட்டையே இல்லை, பேனாவால் பெயர் எழுதியிருக்கும். அதை வாசிக்கிற மெஷின் கெட்டுப்போய் வெகு காலம். ஆனால் சீ.டி.கள் இருக்கின்றன.

இந்த வருடப் பட்டியலில் மாத்தளைக்காரர் ஒருவர் மவுத் ஓர்கனோடு தனியாகப் பதிவு செய்த எட்டுப் பாட்டுகள் இருந்தன. ஐந்தாவது பாட்டில் அவர் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். சுருதி தப்பாமல். ஹட்டன் பக்கம் மூன்று சகோதரிகள், பெயர்கூட வைக்காமல் யூடியூபில் போட்ட ஒரே ஒரு பாட்டும் இருந்தது. முதல் இடம் மட்டும் போட்டியே இல்லாமல் ஒரு குழுவுக்குப் போனது. குழுவின் பெயர் நாலாங்கட்டை. தட்டின் பெயர் 'ஆறு நாற்பது பஸ்'.

பல்லேகலவில் தையல் பக்டரி முடிந்து வருகிற ஒரு பெண், பஸ்ஸில் தன் தலைமுடியில் ஒட்டியிருக்கும் நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலுக்கு வெளியே விடுகிறாள். அது ஒரு பாட்டு. கிளினிக்கில் தன் நம்பர் கூப்பிடும்வரை காத்திருக்கிற ஒருவர், பக்கத்திலிருப்பவரின் நோயையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறார். அது ஒரு பாட்டு. பாடுவது தர்ஷினி என்ற பெண். வரியின் கடைசிச் சொல்லை உடனே விட மாட்டாள். கொஞ்சம் பிடித்து வைத்திருந்து, நாம் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் விடுவாள். 'இண்டி இசை கண்டெடுத்த புதிய மொழி' என்று அதை நான் வருணித்திருந்தேன்.

தட்டின் கடைசிப் பாட்டு 'ஏழாம் மேசை'. என் உயிர். அதன் பல்லவி இவ்வளவுதான்: ஏழாம் மேசைக்கு ஒரு பாட்டு, எதுவானாலும் சத்தமாக. இந்த இரண்டு வரிக்கு நான் மூன்று பத்தி விளக்கம் எழுதினேன். ஏழாம் மேசை என்பது இந்த நாட்டு விருந்தில் ஆகக் கடைசியில் இடம் ஒதுக்கப்பட்ட மலையகத்தான் என்றேன். சத்தம் என்பது அவன் உரிமைக் குரல் என்றேன். படித்துவிட்டு ஒரு பேராசிரியர் போன் பண்ணி, அருமையான வாசிப்பு என்றார். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

அப்புறம் அந்தச் சீட்டுக் கதை. போன வருடம் பேராதனையில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிற அறையில் அவர்கள் பாடினார்கள். ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். நான் என் வெள்ளை ஸ்கூட்டரில் போனேன். மொத்தம் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஒருவர் கடை முதலாளி, எதையும் உடைக்கிறோமா என்று பார்க்க வந்து கதவடியில் நின்றார். நடுவில் ஒரு துண்டுச் சீட்டு கை மாறிக் கை மாறி முன்னே போனது. தர்ஷினி வாங்கினாள். பாடிக்கொண்டே படித்தாள். மடித்து பொக்கெட்டில் போட்டாள். அடுத்ததும் தன் பாட்டையே பாடினாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. மழைக்கு ஒதுங்கிய ஆள்தான் ஏதோ சினிமாப் பாட்டுக் கேட்டிருக்கிறார், அதை இவள் தூக்கி பொக்கெட்டில் போட்டுவிட்டாள்... என்ன திமிர், என்ன கொள்கை! கச்சேரி முடிந்து கீழே வந்தபோது கடை முதலாளி என் ஸ்கூட்டரைக் காட்டி ஏதோ கத்தினார். கலை உணர்வு இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த மடித்த சீட்டிலிருந்துதான் என் வரி பிறந்தது. கல்யாண வீட்டு ரகம் அல்ல என்று அவர்கள் என்னிடம் சொல்லவில்லை. இறங்கிப் போவோம் என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. வாக்கியம் நன்றாக வந்தது, எழுதிவிட்டேன். பத்தி எழுதுகிறவர்களுக்கு இந்தப் பலவீனம் உண்டு. மங்களா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு அலவத்துகொடவுக்கு பஸ் ஏறினேன்.

அலவத்துகொடவில் ரிஸ்வானின் கடை இருக்கிறது. போன் பழுது பார்க்கும் கடை. நாலாங்கட்டையின் கிட்டார் அவர்தான். பாட்டுக்கு மெட்டுப் போடுவதும் அவர்தான். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவரோ எழுந்து தன் கதிரையை எனக்குத் தந்து, பிளேன் டீ சொல்லிவிட்டு, சுவரைக் காட்டினார். என் கட்டுரை அங்கே தொங்கியது. லெமினேட் செய்து, நாலு மூலையிலும் ஆணி அடித்து. உம்மா படித்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதாராம்.

அந்தக் கட்டுரைக்குக் கீழே உட்கார்ந்துதான் மீதியை அவர் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. மூன்று வாரத்தில் மூன்று கல்யாணம் கை நழுவிப் போயிருந்தது. ஒன்று ஆனந்தராஜா வீட்டுடையது. இரண்டாவது மாத்தளையில். மூன்றாவது குண்டசாலையில் ஒரு சிங்களக் குடும்பத்தின் ஹோம்கமிங், அதாவது மாப்பிள்ளை வீட்டு விருந்து. அவர்களுக்குத் தமிழ் தெரியாதே என்றேன். மாப்பிள்ளையின் தமிழ் நண்பர் ஒருவர் என் பத்தியை வரிக்கு வரி சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். என் எழுத்து மொழிபெயர்க்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

இதில் போனது மூன்று கல்யாணம் மட்டுமல்ல. நாலாங்கட்டையின் இரண்டாவது இசைத்தட்டுக்குப் பாட்டுகள் தயார். சித்திரை லீவில் ஒரு வாரம் ஸ்டூடியோ பேசி வைத்திருந்தார்கள். இந்தக் கல்யாண சீசனில் பாடித்தான் அதற்குக் கட்டுவதாக ஏற்பாடு. இப்போது ஸ்டூடியோக்காரர், இந்த மாத முடிவுக்குள் உறுதி சொல்லாவிட்டால் அந்த வாரத்தை வேறு ஆளுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். தள்ளிப்போடவும் வழியில்லை. கீபோர்ட் வாசிக்கும் ஜூட் மே மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போகிறார். அவர் இல்லாமல் அந்தப் பாட்டுகள் இல்லை.

ஆக, உலகத்தில் நான் ஆவலோடு எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரே இசைத்தட்டை, நானே என் கையால் நிறுத்தி வைத்திருக்கிறேன்... அதுவும் பாராட்டி! ஒரு விமர்சகன் திட்டி ஒரு குழுவை ஒழித்த கதை கேட்டிருக்கிறேன். இது புது மாதிரி. டீயை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டேன். உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

ஏன் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்டேன். ரிஸ்வான் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"நீங்க எங்களப் பத்தி நல்லாத்தானே சேர் எழுதீக்கிறீங்க. நல்லது செஞ்ச ஆளுக்கிட்டப் போய் இத எப்படிச் செல்ற?"

ஒன்றரை மணிக்கு தர்ஷினி வந்தாள். ஹந்தானைப் பக்கத்துப் பெண். கட்டுகஸ்தோட்டையில் மொண்டிசோரி டீச்சர். சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு நேரே பஸ் பிடித்து வந்திருந்தாள். அவளுக்கு ரிஸ்வானின் பொறுமை கிடையாது. கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதை மேசையில் வைத்துவிட்டு, "அங்கிள்," என்று ஆரம்பித்தாள். இண்டி இசையின் காவலன் என்று தன்னை நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு அந்த ஒரு சொல்லே போதுமான தண்டனை. அவள் அதோடு விடவில்லை.

"டயர் கடையில எனக்கு ஒரு சீட்டு வந்துச்சில்ல, அதுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சினிமாப் பாட்டு ஏதாவது இருக்கும் என்றேன். அவள் டின்னைத் திறந்து, கிளறி, ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் நீட்டினாள். டயர் கடை பில்லின் பின்பக்கம். முதலாளியின் கையெழுத்து. 'கீழே வெள்ளை ஸ்கூட்டர் ஒன்று வழியை மறித்து நிற்கிறது. வேன் எடுக்க வேண்டும். யாருடையது?'

பாட்டின் நடுவே சொல்ல வேண்டாம், முடிந்ததும் அறிவிப்போம் என்று பொக்கெட்டில் போட்டாளாம். அப்புறம் மறந்துவிட்டாளாம். பாவம் அந்த முதலாளி, மழையில் வேனை எடுக்க முடியாமல் முழுக் கச்சேரியும் கேட்டிருக்கிறார்.

டின் நிறையச் சீட்டுகள். எல்லாம் கல்யாணங்களில் வந்தவை. அழைப்பிதழ் உறைகள், சிகரெட் பெட்டி அட்டைகள், கை துடைக்கும் பேப்பர் சேவியட். அவள் எதையும் எறிவதில்லையாம். ஒரு சீட்டில், 'மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குச் சோகப் பாட்டு வேண்டாம், குடித்திருக்கிறார்' என்று இருந்தது. தையல் பக்டரிப் பெண்ணும் அதில் இருந்தாள். தோழியின் கல்யாணத்துக்கு வேலையிலிருந்து நேரே வந்தவள், 'ஆறு நாற்பது பஸ்ஸுக்கு முன்னால் என் பாட்டைப் பாடிவிடுங்கள்' என்று எழுதியிருந்தாள்.

கடைசியாக தர்ஷினி ஓர் அழைப்பிதழின் கிழிந்த மூலையை எடுத்து வைத்தாள். பச்சைப் பேனா. 'ஏழாம் மேசைக்கு ஒரு பாட்டு. எதுவானாலும் பரவாயில்லை. சத்தமாக.'

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தர்ஷினி சொன்னாள். மாவனல்லைப் பக்கம் ஒரு கல்யாணம். சீட்டு வந்ததும் மேடையிலிருந்து ஏழாம் மேசையைப் பார்த்திருக்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண். இரண்டு பக்கமும் சொந்தக்காரப் பெண்கள், ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து குனிந்து ஏதோ கேட்கிறார்கள். என்ன கேட்பார்கள்? கல்யாண வீட்டில் கல்யாணமாகாத பெண்ணிடம் கேட்பதைத்தான் கேட்பார்கள். நாலாங்கட்டைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்ததிலேயே ஆகச் சத்தமான பாட்டை எடுத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்களின் வாய் அசைந்ததாம், ஒன்றும் கேட்கவில்லையாம். அந்தப் பெண் மேடையைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டாளாம்.

"அவங்க சிரிச்சத நான் இன்னும் மறக்கல அங்கிள். வர்ற வழியில பஸ்ல வச்சுதான் அந்தப் பாட்ட எழுதுனேன். கல்யாணத்துக்குப் போகலைன்னா நான் எதைப் பாத்து எழுதுறது?"

என் மூன்று பத்தி விளக்கம் சுவரில் லெமினேட் ஆகித் தொங்கிக்கொண்டிருந்தது. பேராசிரியருக்கு இதை யார் சொல்வது? நான் சொல்லப்போவதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

பரிகாரம் தேட வேண்டும் அல்லவா? கண்டியிலேயே ஒரு பெரிய கச்சேரி வைப்போம், முழுக்க உங்கள் பாட்டு, டிக்கெட் போட்டு நடத்துவோம் என்று ஆவேசமாகச் சொன்னேன். எத்தனை பேர் வருவார்கள் என்று தர்ஷினி கேட்டாள். மனச்சாட்சியோடு யோசித்துப் பார்த்து, முப்பது என்றேன். மழை பெய்தால்? முப்பத்திரண்டு.

அவளுக்கு வேண்டியது வேறு. நாங்கள் சினிமாப் பாட்டுப் பாடுவோம் என்று அதே பக்கத்தில், அதே இடத்தில், நீங்களே எழுதுங்கள் என்றாள். சினிமாப் பாட்டைத் திட்டியே பெயர் எடுத்தவன் நான். என் பட்டியலில் முதலிடம் வாங்கிய குழு கல்யாணத்துக்குப் பாடும் என்று நானே விளம்பரம் போடுவதா? ரிஸ்வான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கஷ்டமென்றால் வேண்டாம் சேர் என்றார். அந்தக் கனிவுதான் என்னைக் கொன்றது.

குறுக்கு வழி ஒன்று தேடி, அன்றைக்கே ஆனந்தராஜாவுக்குப் போன் போட்டேன். அவர் தம்பி மகனுக்கு அடுத்த மாதம் ரிசெப்ஷன், பாட்டுக் குழு தேடுகிறார்கள் என்று பந்தியிலேயே காதில் விழுந்திருந்தது. நான் எழுதியது தவறு, அவர்கள் நன்றாகப் பாடுவார்கள், சீட்டுக்கெல்லாம் கோபிக்க மாட்டார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"போன்ல சொன்னா எப்படி சேர். பேப்பர்ல வரட்டும், பாப்போம்."

அச்சில் வந்த என் பொய்யை நம்பிய மனிதர், நான் வாயால் சொல்லும் உண்மையை நம்பத் தயாராக இல்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா?

வியாழக்கிழமை நாலு மணிக்கு அவர்களுக்கு ஒத்திகை. ரிஸ்வானின் மாமாவுடைய மிளகு, கிராம்புக் கிடங்கின் பின்னறை. ரத்தாகாமல் தப்பிய ஒரு கல்யாணத்துக்காகப் பயிற்சி. அந்த வீட்டில் பேப்பர் வாங்குவதில்லையாம். மங்களாவுக்கு அன்று ஓஃப், அவளும் வந்தாள். மூட்டைகளுக்கு நடுவே இரண்டு கதிரை போட்டுத் தந்தார்கள்.

முதலில் எடுத்ததே ஒரு பழைய சினிமாக் காதல் பாட்டு. பெயர் சொல்ல மாட்டேன். இதே பக்கத்தில் அதை நான் ஒரு தடவை கிழித்திருக்கிறேன், உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் சரணம் வரை தாக்குப்பிடித்தேன்.

தர்ஷினி வரியின் கடைசிச் சொல்லைப் பிடித்து வைத்திருந்து விட்டாள். அதே பிடி. நான் புதிய மொழி என்று எழுதியதேதான். அது அவளுக்கு எப்படி வந்தது என்று பிறகு கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். சோற்றுத் தட்டில் குனிந்திருப்பவர்களை நிமிர வைக்க, கல்யாண மண்டபத்தில் பழகிக்கொண்டதாம். பசித்தவனை ஒரு நிமிடம் நிமிர வைத்துவிட்டால் பாட்டு ஜெயித்துவிட்டது என்றாள். பதினோரு பேர் சும்மா உட்கார்ந்து கேட்கும் அறையில் அதை எங்கே கற்பது?

இரண்டாவது சரணத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாட்டு நல்ல பாட்டு. இத்தனை காலமும் நல்ல பாட்டாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை. கிராம்பு நெடி கண்ணில் ஏறுகிறது என்று மங்களாவிடம் சொன்னேன்.

"ஓம், கிராம்புதான்," என்றாள். கைக்குட்டையை எடுத்துத் தந்தாள்.

பாட்டு முடிந்ததும் ஆசை தாங்கவில்லை. டயரியில் ஒரு தாளைக் கிழித்து, ஏழாம் மேசை என்று எழுதி, ஜூட்டிடம் கொடுத்து முன்னே அனுப்பினேன். தர்ஷினி வாங்கினாள். படித்தாள். என்னைப் பார்த்தாள். மடித்து பொக்கெட்டில் போட்டாள். அடுத்த சினிமாப் பாட்டை ஆரம்பித்துவிட்டாள். கல்யாணம் சனிக்கிழமை, இன்னும் பதினைந்து பாட்டு பார்க்க வேண்டும், நேரமில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. விசாரித்துவிட்டேன்.

ஆகையால் ஒரு திருத்தம். நாலாங்கட்டையும் நியூ கிறிஸ்டல் மெலடீஸும் ஒன்றுதான். கல்யாணம், ரிசெப்ஷன், ஹோம்கமிங், பிறந்த நாள் எல்லாவற்றுக்கும் பாடுவார்கள். பழைய பாட்டு, புதிய பாட்டு, பைலா, எது வேண்டுமானாலும் கேளுங்கள். சீட்டு அனுப்புங்கள், தாராளமாக அனுப்புங்கள். மேடையை விட்டு அவர்கள் ஒருநாளும் இறங்கியதில்லை. இறக்கிவிட்டது நான். அதற்கு அந்த நாலு பேரிடமும் இங்கே, எல்லோர் முன்னாலும், மன்னிப்புக் கேட்கிறேன். மாத முடிவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஆனந்தராஜா, பேப்பரில் வந்துவிட்டது. தம்பி மகன் ரிசெப்ஷனுக்கு எனக்கும் ஓர் அழைப்பு அனுப்புங்கள். முதல் வரிசை வேண்டாம், ஏழாம் மேசை போதும்.